நூறு மீட்டர், நாற்பத்தெட்டு நிமிஷம்

— ஓடு தாயே! நூறு மீட்டர் ஓட்டம், நாற்பத்தெட்டு நிமிஷமாச்சு!

— ஓடிட்டுத்தான் சார் இருக்கேன். இப்பக்கூட கட்டைவிரல் நூலளவு நகர்ந்துச்சு, நீங்க பாக்கல.

— எட்டுப் பேரும் இப்படியா? முப்பது வருஷமா நடுவரா இருக்கேன். நூறு மீட்டருக்கு நடுவுல தண்ணி குடுத்தது இன்னிக்குத்தான்!

— குறைஞ்ச வேகம் இவ்வளவுன்னு விதி இருக்கா சார்?

— இல்லையே! நின்னா வெளியேத்தலாம். நீங்க நிக்கவும் மாட்டேங்கிறீங்க. அங்க பாரு, அடுத்த ஓட்டத்துக்கு வந்த பசங்க படுத்துத் தூங்குறாங்க. சிறப்பு விருந்தினர் மெடல் தட்டை மடியில வச்சுக்கிட்டு கொட்டாவி விடுறாரு.

— அந்தப் பொண்ணைச் சேருங்க சார். பதினாலு செகண்டுல முடிச்சுடுறோம்.

— நான் வெளியூர்க்காரன்மா. எந்தப் பொண்ணு?

— வேலி ஓரமா ஷூ மாட்டிக்கிட்டு நிக்கிறாளே. தேர்வு ஓட்டத்துல முதல்ல வந்தவ. அவங்கம்மா எங்க ஸ்கூல்ல பாத்ரூம் கழுவுறாங்க. அவ மெடலோட நின்னா போட்டோ நல்லாருக்காதாம். தலைமையாசிரியர் அவ பேரை அடிச்சு, காத்திருப்புப் பட்டியல்ல போட்டுட்டார்.

— அட அநியாயமே! ஆனா துப்பாக்கி சுட்டப்புறம் ஆளை மாத்த முடியாதும்மா.

— வழியே இல்லையா?

— ஒண்ணே ஒண்ணு. கேளு, அருமையான ஏற்பாடு. சுடறதுக்கு முந்தி யாராவது காலெடுத்திருந்தா, நான் மறுபடி சுடுவேன். இந்த ஓட்டமே நடக்கலைன்னு அர்த்தம். முந்தினவ வெளிய, காத்திருக்கிறவ உள்ள. ஆனா முந்தினவளுக்கு இந்த வருஷம் பூரா எந்த ஓட்டமும் கிடையாது. யாரு ஒத்துப்பா?

— நான் முந்தினேன் சார்.

— பொய்! கல்லு மாதிரி குந்தியிருந்தே, நானே பாத்தேன்.

— எங்க எட்டுப் பேரையும் ரெண்டே கண்ணாலயா சார் பாத்தீங்க?

— ஏம்மா, அவ இடத்துக்கு எவ வந்தாளோ அவ ஒத்துக்கட்டுமே! நீ எதுக்கு உன் வருஷத்தைக் கெடுத்துக்கிற? யாரு அவ?

— மேடையில மைக்கைப் புடிச்சு "ஓடு, ஓடு"ன்னு கத்துறாரே தலைமையாசிரியர், அவரோட பொண்ணு. சீக்கிரம் சுடுங்க சார், எங்கப்பா இறங்கி வர்றாரு.