எடை குறைந்த தம்பி

சித்தூரிலிருந்து குடிபாலா போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் தம்பி ஜன்னலோரம் இருந்தான். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

"இன்னாடி, உன் தம்பி இப்டி எளைச்சிட்டான்? போன பொங்கலுக்கு நெல்லு மூட்டை மாரி இருந்தானே!" என்றாள் மூத்தவள்.

"மாத்திரையால குண்டாயிக்கினே போனான்க்கா. ஒடம்பக் கொறைக்கலன்னா சக்கரை வந்துடும்னு டாக்டரு திட்டினாரு. ராத்திரி சோத்த நிறுத்திட்டேன்."

"பசி தாங்குறானா?"

"சோறு கேட்டா பீடி குடுத்துடுவேன். இழுத்துக்கினே பசிய மறந்துடுவான்."

"அடிப்பாவி! டாக்டருக்குத் தெரியுமாடி?"

"அவரு எங்க கேட்டாரு? இன்னிக்கி எடை போட்டுப் பாத்துட்டு, 'பாகுந்தி, நல்லாருக்கு, இப்டியே செய்யுங்க'ன்னு சொல்லிட்டாரு."

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்குக் கெட்ட வார்த்தை நாக்கு வரை வந்தது. அவளைத் திட்டுவதா, அந்த டாக்டரைத் திட்டுவதா?

தம்பி திரும்பினான்.

"யக்கா, அதான் கொறஞ்சிட்டேன்ல? இன்னிக்கி ராத்திரி சோறு துன்னலாமா?"

அவள் பையைத் துழாவி ஒரு பீடியை எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.