சத்தமில்லாத பதிப்பு

என்னோடு வேலை செய்யும் மேக்னா மேல் எனக்கு எந்த மனஸ்தாபமும் கிடையாது. பூஜைக்குப் புடவை எடுக்கக் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி அவளைத்தான் துணைக்கு அழைத்துப் போவாள்.

எங்கள் கம்பெனி நர்சிங் ஹோம்களுக்கு மென்பொருள் செய்கிறது. நோயாளியின் ஆக்சிஜன் இறங்கினால் கட்டில் அருகிலும் நர்ஸ் மேஜையிலும் அலாரம் அடிக்கும். அந்த மென்பொருளின் புதிய பதிப்பை சர்வரில் ஏற்ற ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். மேக்னா அதைத் தன் செட்டிங்ஸ் ஃபைலில் யார் படித்தாலும் புரியும்படி அப்படியே எழுதி, அந்த ஃபைலையும் ஆபீசில் எல்லோரும் திறக்கும் இடத்தில் போட்டிருந்தாள். மறையெழுத்தாக்கி வைக்க பதிப்பை ஏற்றும் கருவியிலேயே வசதி உண்டு. சொன்னேன்.

"ச்சாடோ நா, விட்டுடுங்க நரேன்தா," என்றாள். "ஆபீசுக்குள்ளதானே இருக்கு. யாரு வந்து எடுக்கப் போறா?"

மேலாளரிடமும் சொன்னேன். பூஜை லீவு முடியட்டும் என்றார். வாயால் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. செய்து காட்ட வேண்டியிருந்தது.

அந்த பாஸ்வேர்டைக் கொண்டு, மேக்னா பெயரில், ஒரு பதிப்பை ஏற்றினேன். அதில் அலாரம் அடிக்காது, மற்றதெல்லாம் வழக்கம்போல. எல்லா நர்சிங் ஹோம்களுக்கும் அனுப்பியிருக்கலாம். காளிகாட்டில் ஒன்றுக்கு மட்டும் அனுப்பினேன். எதையும் அளவோடு செய்கிறவன் நான். எங்கள் மாடி வீட்டு சௌந்தரம் மாமி அங்கேதான் சேர்ந்திருந்தார். நான் பார்க்கப் போனால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது.

மதியம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். மாமியின் மகள் ரஞ்சனா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கோ அண்ணா. நேத்தெல்லாம் அந்த மெஷின் கத்திண்டே இருந்தது, அம்மாக்குத் தூக்கமே இல்ல. இன்னிக்கு ஏக்தம், துளி சத்தமில்ல. நிம்மதியாத் தூங்கறா."

அவள் முதுகுக்குப் பின்னால் திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள், மாமியும் பிழைத்திருப்பார். ஆபீசிலோ, ஒன்றும் ஆகவில்லையே என்று சிரித்திருப்பார்கள். நான் ஒரு சாத்துக்குடியை உரித்து ரஞ்சனாவிடம் கொடுத்தேன். பையனின் பரீட்சை பற்றிக் கேட்டேன். சாவகாசமாகப் பதில் சொன்னாள்.

அவள் திரும்பி, அம்மாவைத் தொட்டு எழுப்பியபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அழுதாள். டாக்டர் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

அந்த வாரமே கம்பெனியில் எல்லா பாஸ்வேர்டுகளையும் மறையெழுத்தாக்கிவிட்டார்கள். நான் சொல்லியிருந்த முறைப்படியேதான்.

இன்ஸ்பெக்டர் சார், பதிப்பு அவள் பெயரில் போனதால் பிடித்து வைத்திருக்கும் மேக்னாவை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. உங்கள் அறிக்கையில் 'மென்பொருள் பிழை' என்று இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அலாரத்தை நிறுத்தியது நான். முறையாகச் சோதித்துப் பார்த்த பிறகே அனுப்பினேன். சோதிக்காத ஒன்றை அனுப்பி நோயாளிகளின் உயிரோடு விளையாட எனக்கு மனசு வராது.