புள்ளி வச்ச ழ

— இன்னொரு தடவை தேடிப் பாரேன். மூலையில எங்கேயாவது ஒட்டிக்கிட்டிருக்கும்.

— மூணு தடவை பாத்தாச்சுங்க. புள்ளி வச்ச ழ அச்செழுத்து பதினொண்ணுதான் இருக்கு. உங்க கண்ணாடிக்கடைக்காரர் பாட்டுக்குப் பன்னெண்டு வேணும். பெட்டியைக் கவுத்துப் போட்டாலும் பன்னெண்டாவது வராது.

— ஒரு எழுத்துக்காகவா வேலை நிக்கணும்?

— நம்ம வேலையே அப்படி. வாழ்த்துன்னாலும் அந்த ழ, மகிழ்ச்சின்னாலும் அந்த ழ. துக்கத்துக்குக் கார்டு அடிச்சா ஒண்ணு கூடச் செலவாகாது.

— சரி சரி. கோத்த வரைக்கும் படி, கேப்போம்.

— "மகிழ்ந்து வாழ்க, புகழ் சூழ வாழ்க, வாழ்நாள் எல்லாம் மகிழ்வோடு வாழ்க." இன்னும் ரெண்டு வரி இதே கூத்துதான். யாருங்க எழுதினது இதை? எனக்கு வாய் சுளுக்கிக்கிச்சு.

— அம்மா அப்பாவோட அம்பதாவது கல்யாண நாளுக்குக் கடைக்காரர் ஆசையா குடுத்திருக்கார். நக்கல் பண்ணாதே.

— நக்கல் என்ன இதுல? ஒரு "வாழ்க"வை எடுத்துட்டு "நலமா இருங்க"ன்னு வச்சா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போகுது?

— அடுத்தவங்க எழுதினதுல நாம கை வைக்கக் கூடாது.

— அப்ப ரெண்டு தடவையா ஓட்டுங்க. மேல் பாதியை முதல்ல அடிங்க, மை காயட்டும். எழுத்தைக் கழட்டித் தர்றேன், அதையே கீழ்ப்பாதிக்குக் கோத்துக்கலாம்.

— சாப்பாட்டு மேசை மேல வச்சு ஓட்டற கைமெஷின் இது. அம்பது கார்டையும் மறுபடி வச்சு அழுத்தினா ஒண்ணுல மேல ஏறும், ஒண்ணுல சாயும். கல்யாண நாள் கார்டும்மா. நான் என்ன சொல்றேன்னா...

— நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரியும். காலையிலேருந்து உங்க கண்ணு அலமாரி மேலயேதான் இருக்கு. அதைத் தொடக் கூடாது.

— அந்தப் பொட்டலத்துல ழ மூணு இருக்கு.

— தொடக் கூடாதுன்னேன்.

— ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். நாளைக்கே திரும்ப வச்சுடலாம்.

— அது நம்ம வாலுவுக்காக நான் கோத்தது. ஏழாவது பொறந்தநாள் கார்டு. காலையில அடிக்கலாம்னு நூல் சுத்திக் கட்டி வச்சேன். காலையில நாம ஆஸ்பத்திரியில இருந்தோம்.

— எனக்கு நீ சொல்லித் தரணுமா? அவளைத் தூக்கிட்டு ஓடினது நான்தானே.

— அப்புறம் எப்படிங்க கேக்க மனசு வருது?

— ஒன்றரை வருஷம் ஆச்சும்மா. பழுப்புக் காகிதத்துல சுத்தி மேல ஏத்தி வச்சிருக்கோம். அடிக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. அப்படியே வச்சிருந்தா வந்துடுவாளா?

— வர மாட்டா. அது கூடத் தெரியாத முட்டாளா நான்?

— மனசு ஒரு நாளாவது ஆறணுமில்ல?

— உங்களுக்கு ஆறிடுச்சு, எனக்கு ஆறலை. ஞாயித்துக்கிழமை ஆனா விசிலடிச்சுக்கிட்டு மை தேய்க்கிறீங்க. நான் ஏதாவது சொன்னேனா?

— விசிலடிச்சா ஆறிடுச்சுன்னு அர்த்தமா?

— வேற என்ன அர்த்தம்? எனக்கு அந்த மாதிரி முடியலையேன்னு உங்க மேல பொறாமையாக் கூட இருந்துச்சு. அட, ஸ்டூலை எதுக்கு இழுக்கறீங்க?

— இன்னிக்கு எடுக்கத்தான் போறேன்.

— ஐயோ, சொன்னா கேளுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இறங்குங்க.

— ஸ்டூல் காலை விடு முதல்ல. கை தவறினா எல்லாம் கொட்டிடும்.

— கொட்டினாக்கூடப் பரவாயில்லை. பிரிக்க மட்டும் பிரிக்காதீங்க.

— கொட்டினா பரவாயில்லையா? என்ன உளர்றே? இந்தா, இறங்கிட்டேன். மேசை மேலதான் வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலை. காகிதத்தை மட்டும் பிரிக்கறேன்.

— காகிதத்தை மூடிடுங்க.

— பக்கத்துல உக்காரு. நீயே பாரு, பூ மாதிரி எடுக்கறேன். எழுத்தெல்லாம் இடமும் வலமும் மாறித் தெரியும், எனக்குக் கொஞ்சம் நேரமாகும் படிக்க. முதல் வரி... என்னடி இது?

— மூடுங்கன்னு சொன்னேனே.

— மொழுக்குன்னு இருக்கு. ரெண்டாவது வரியும் மொழுக்குன்னு இருக்கு. எல்லாம் எழுத்தில்லாத வெத்துக் கட்டை. அவ பேர் எங்கே?

— எடுத்துட்டேன்.

— யாரு எடுத்தது?

— நான்தான். போன மழைக்காலத்துல, டெய்லர் வீட்டுக்குக் குழந்தை பொறந்த கார்டு அடிச்சோமே, அதுக்கு ஒரு ழ குறைஞ்சுது. நீங்க வெளியூர் போயிருந்தீங்க. ஒண்ணுதானேன்னு இதுலேருந்து உருவினேன். வரி சரியாம இருக்க அந்த இடத்துல வெத்துக் கட்டையைச் சொருகினேன். வேலை முடிஞ்சதும் திரும்ப வச்சுடணும்னுதான் இருந்தேன், சத்தியமா.

— வச்சிருக்க வேண்டியதுதானே?

— கைப்பழக்கத்துல எல்லாத்தையும் பிரிச்சுப் பெட்டியில போட்டுட்டேன். அப்புறம் பாத்தா, பெட்டியில அந்த எழுத்துக்கான அறையில எல்லாம் ஒரே ழ. எது அவளோடதுன்னு தெரியலை. ஒவ்வொண்ணா ஜன்னல்கிட்ட கொண்டுபோய், வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன். பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமாங்க?

— அழாதே. மை கையோட கண்ணைத் தேய்க்காதே. ஒண்ணு போச்சு, சரி. மத்ததெல்லாம்?

— ஒண்ணு போனதும் அது அவ கார்டாவே தோணலை எனக்கு. அதுக்கப்புறம் எந்தக் குழந்தைக்குக் கார்டு வந்தாலும், இவ எழுத்து ஒண்ணும் அதுல போகட்டும்னு உருவிக் கொடுத்தேன். அவ பேர்ல இருந்த "லு"தான் கடைசி. இப்ப அறையில இருக்கற பதினொண்ணுல மூணு அவளோடதுதான். எந்த மூணுன்னு கேக்காதீங்க.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

— எப்படிச் சொல்றது? நீயே கலைச்சியான்னு கேட்டுடுவீங்களோன்னு பயம். அதனாலதான் தொடக் கூடாது, தொடக் கூடாதுன்னு கத்தினேன். திட்டணும்னா திட்டிடுங்க. ஏன் அந்தக் கட்டையையே தடவிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? எழுந்திருங்க. கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை மாத்திக்கறோம்னு கேளுங்க.

— அவரைக் கேக்க வேண்டாம்.

— கேக்காம எப்படி?

— அவர் சொன்னது, "கல்யாண நாள் வாழ்த்து"ன்னு ஒரே வரி. மத்தது பூராவும் நான் எழுதினது.

— நீங்களா?

— அறையில எண்ணிப் பாத்துட்டு, ஒரு ழ பத்தாம வர்ற மாதிரி எழுதினேன்.

— பைத்தியமா உங்களுக்கு? எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?

— நீ பால் வாங்கப் போற நேரம் பாத்து, தினமும் இந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே இறக்கி மடியில வச்சு அவகூடப் பேசிக்கிட்டிருக்கேன்மா. என்னால விட முடியலை, பிரிச்சுட்டாலாவது அந்தப் பேச்சு நின்னுடும்னு நினைச்சேன்.