கங்காதரன் கச்சேரி, இரண்டாம் பக்கம்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள் ஐயா. கிரீச் கிரீச்சென்று கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது. சத்தத்தில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இப்படி ஒரு கோளாறு வந்துவிடுகிறது. திருத்தணியில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் கோதண்டம் மைக்செட்டைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்குச் சத்தம் பெரிதாக இருந்தால் போதும். எனக்கு அது சுத்தமாகவும் இருக்க வேண்டும்.

கங்காதரன் பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டியவர். தானே பாட்டுக் கட்டி, காலால் தரையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடுவார். என்னைப் பாவா என்பார். அந்த முறையில் அவர் மனைவி சுலோச்சனாவுக்கு நான் அண்ணன். ‘நூலு அந்துபோனா முடி போடுவேன் வள்ளி, நீ அந்துபோனா இன்னா செய்வேன்’ என்று அவர் இழுக்கும்போது, ஊருக்குப் போக நின்றவர்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட குரல் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்துவைக்க நான் ஒருவன்தான் மெனக்கெட்டேன்.

சென்னையில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் அவரை ஸ்டுடியோவில் பாடவைத்துப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் கங்காதரன் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோலப் பாடிவிட்டு வந்தார். எதிரே ஜனம் இல்லாவிட்டால் அவருக்கு வராது. “அப்படியானால் ஊர்க் கச்சேரியையே பதிவு செய்து கொண்டுவாருங்கள். கூட்டத்தின் சத்தத்தோடு கேசட் போடுவோம்” என்று என்னிடம் சொன்னார் கம்பெனிக்காரர். அன்று பிடித்தது எனக்குச் சனியன்.

ஆர்.கே.பேட்டையில் நல்ல பாட்டுக்கு நடுவே நாய்ச் சண்டை. கனகம்மாசத்திரத்தில் திருப்பதி லாரிகள் சரணத்துக்குச் சரணம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பள்ளிப்பட்டில் எல்லாம் கூடிவந்தது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், பாட்டுக்கு அடியில் உம்மென்று ஓர் இரைச்சல். கம்பெனிக்காரர் டேப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். வயிறு எரிந்தது ஐயா. சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த இரைச்சல் காதை விட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரியிடம் வள்ளென்று விழுந்தேன். கங்காதரனோ, “உடு பாவா, இன்னொரு வாட்டி பாடினா போச்சு” என்றார். பாடுகிறவருக்கு என்ன, வாயைத் திறந்தால் வருகிறது.

கடைசியில் இரைச்சலின் வேரைக் கண்டுபிடித்தேன். ஆம்பிளிஃபயரையும் டேப் ரெக்கார்டரையும் சேர்த்து மாட்டும்போது, இரண்டுக்கும் எர்த் இருந்தால் உம்மென்கிறது. ஆம்பிளிஃபயரின் எர்த் ஒயரைக் கழற்றினேன். சத்தம் தெளிந்துவிட்டது. என்னைப்போல் தொழில் செய்கிறவர்களில் பாதிப்பேர் இதைச் செய்கிறார்கள். என்ன, அதற்குப் பிறகு மைக்கைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். ஆம்பிளிஃபயர் பழசு, உள்ளே எங்கோ கரண்ட் கசிகிறது. எர்த் இருந்தவரை அது மண்ணுக்குள் இறங்கிவிடும்.

ஒத்திகையில் கங்காதரன் கையை உதறிக்கொண்டு சிரித்தார். “இன்னா பாவா, உன் மைக்கு கடிக்குது?”

“பலகை மேல நின்னுக்கினு பாடு, ஒண்ணும் ஆவாது” என்று சொல்லி, மரப்பலகையை நானே தூக்கி வந்து போட்டேன். அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா?

ஆனால் அவர் காலால் தாளம் போட்டபோது பலகை டொம் டொம்மென்று அதிர்ந்து பாட்டை விழுங்கியது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று. எனக்கு வெறுத்தே போய்விட்டது.

ஆடிக் கிருத்திகை அன்று சாயங்காலம் மலையடிவாரத்தில் கச்சேரி. இதுவும் சரியாக வராவிட்டால் கேசட்டே வேண்டாம் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். காலையில் பெய்த தூறலில் மண் நனைந்து கிடந்தது. கங்காதரனுக்கு அந்த வருஷம் காவடிப் பிரார்த்தனை. குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு, செருப்பில்லாமல், முருகனுக்குப் பாடிவிட்டுத்தான் மலையேறுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் சத்தத்துக்கென்று தனியாக ஒரு மைக்கைப் புங்கமரத்தில் கட்டினேன். பலகையை எடுத்து என் மேசைக்கு அடியில் தள்ளினேன். மண்ணில் நின்று தட்டினால் தாளம் மெத்தென்று அழகாக விழும்.

சுலோச்சனா கவனித்துவிட்டது. “அண்ணா, பலகையக் காணோமே. அவரு ஈரத்தோட நிக்கிறாரு. கடிக்குது கடிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு.”

“அதெல்லாம் சரி பண்ணிட்டேம்மா. நீ போய் உக்காரு” என்றேன்.

சரி பண்ணவில்லை. ஆரம்பிக்கிற நேரத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அது நம்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

மைக்கைத் தொடாமல் பாடச் சொல்லியிருந்தேன். டேப்பின் முதல் பக்கம் முழுக்க அவரும் தொடவில்லை. ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு குழந்தை அழவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு எல்லாம் ஒத்துவந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வள்ளிப் பாட்டு. ‘நீ அந்துபோனா’ என்கிற அடி வந்தால் கங்காதரன் தன்னை மறந்து இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொள்வார். எல்லாக் கச்சேரியிலும் பிடிப்பார். அது எனக்குத் தெரியும்.

பிடித்தார். குரல் நின்றது. உடம்பு வெடவெடவென்று ஆடியது, கண் செருகியது, கை மைக்கை விடவில்லை. கிருத்திகை அன்று காவடி எடுத்தவர் அப்படி ஆடினால் ஜனம் என்ன நினைக்கும்? “சாமி வந்துட்ச்சி” என்று யாரோ சொன்னார்கள். மைதானமே எழுந்து அரோகரா போட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். சுலோச்சனா தலைக்குமேல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றது. அது சாமி இல்லை, கரண்ட் என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா ஐயா? கேசட் வெளிவந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதைப் போட்டால், கடைசியில் அரோகரா வரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். முருகனே அவரைக் கூப்பிட்டுக்கொண்டான் என்று பேசுகிறார்கள். யார் மனசையும் புண்படுத்த வேண்டாமென்று நான் மறுத்துச் சொல்லவில்லை. சுலோச்சனா மட்டும்தான் பலகை, பலகை என்று உங்களிடம் வந்து நிற்கிறது.

மெயினை ஏன் அணைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஆம்பிளிஃபயருக்கும் டேப்புக்கும் ஒரே சுவிட்ச். அணைத்தால் டேப்பும் நின்று, அத்தனை நாள் அலைந்து கிடைத்தது பாதியில் போயிருக்கும். கங்காதரனே அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். அரோகரா ஓயும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு அணைத்தேன். அவரும் அப்போதுதான் கீழே விழுந்தார்.

இல்லை, கை எட்டாமல் இல்லை. ஒலி எகிறி டேப் கெட்டுவிடாமல் வலது கையால் குமிழைக் குறைத்துக்கொண்டிருந்தேன். இடது கையை முதலிலிருந்தே சுவிட்ச் மேல்தான் வைத்திருந்தேன்.