பஞ்சரே ஆகாத டயர்

டயர் வாங்கும்போது அவசரப்படக் கூடாது, சார். செருப்பு கடித்தால் கால் மட்டும்தான் நோகும்.

என்னுடையது நின்றுகொண்டே ஓட்டுகிற சின்ன மின்சார ஸ்கூட்டர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதிப் பேரிடம் அதுதான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் வரிசையாக நிறுத்திச் சார்ஜ் போட்டுவிட்டுப் போவோம். என் டயர்கள் வழுக்கையானதும் மெக்கானிக்கிடம் போனேன்.

"காத்து டயரே போடுங்க, மெத்துன்னு போகும். கெட்டி ரப்பர் பஞ்சர் ஆகாதுதான். ஆனா ரோட்டுல கிடக்கிற ஒவ்வொரு கல்லும் உங்ககிட்ட பேசும்" என்றார்.

அதே குடியிருப்பில் இருக்கிற என் மச்சினனும் கூட வந்திருந்தான். "ஆமா மாமா, நானும் காத்து டயர்தான் போட்டிருக்கேன்" என்றான்.

அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் அதையே போட்டிருப்பேன். கெட்டி டயர் போட்டேன்.

மெக்கானிக் பொய் சொல்லவில்லை. கற்கள் பேசின. நான் வாங்கிவந்த பாலில் வீடு சேருவதற்குள் வெண்ணெய் திரண்டுவிடுகிறது என்றாள் மனைவி. "என்னங்க, பேசாம மாத்திடுங்களேன். வண்டியில வரும்போது போன் எடுத்தீங்கன்னா ஆட்டுக்குட்டி கத்துற மாதிரியே இருக்கு" என்றாள்.

"உன் தம்பிக்கு ஒருநாள் பஞ்சராகும். அப்பத் தெரியும் என் அருமை" என்றேன்.

கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது ஆட்டம் கண்டு விழுந்தது. எங்கள் மூன்றாம் மாடியில் குடியிருக்கிற பல் டாக்டரம்மா, கடைத்தெருவில் இருக்கிற தன் கிளினிக்கில் அதை மறுபடி அடைத்துவிட்டு, "கெட்டி டயரா? நல்லது, அடிக்கடி வாங்க" என்று சிரித்தார். அவர் வண்டியிலும் காற்று டயர்தான்.

எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கெட்டி டயரே போடச் சொல்லிவிட்டுப் பொறுத்துப் பார்த்தேன். ஒருவருக்கும் பஞ்சராகவில்லை. உண்மை தானாக வெளிவரும் என்பார்கள். கொஞ்சம் கை கொடுத்தால் சீக்கிரம் வரும்.

கோணி ஊசியால் முதலில் மச்சினனின் டயரைக் குத்தினேன். காற்று வெளியேறுகிற சத்தம் யாரோ நிம்மதியாகப் பெருமூச்சு விடுவதுபோல் இருந்தது. அன்று அவனுக்கு வேலைக்கான நேர்காணல் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்வது பொறுப்பில்லாத்தனம். ஓட்டமும் நடையுமாகப் போயும் அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் டயரைப் பற்றிய தெளிவு கிடைத்தது. அந்த வாரமே கெட்டி டயருக்கு மாறினான்.

அடுத்தது டாக்டரம்மாவின் வண்டி. அன்று பூட்டிய கிளினிக் வாசலில் ஒரு கூட்டமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். அதில் என் மனைவியும் இருந்தாளாம். வருத்தமாகத்தான் இருந்தது. பொதுக் காரியத்தில் இறங்கியவன் சொந்தம் பந்தம் பார்க்க முடியாது.

பிறகு வரிசையாக எல்லா வண்டிகளும். ஒருவரை விட்டு ஒருவரைக் குத்தினால் அது ஓரவஞ்சனை. வீடு வீடாகப் போய் ஆறுதல் சொல்லி, கெட்டி டயரின் நன்மைகளை விளக்கினேன். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நாங்கதான் கேட்கல" என்று எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? இப்போது காலையில் குடியிருப்பு முழுக்க ஆட்டுக்குட்டிக் குரலில்தான் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

போன வாரம் நான் காற்று டயருக்கு மாறினேன். இடுப்பு தாங்கவில்லை. சொன்னதை நிரூபித்துவிட்ட பிறகும் கஷ்டப்படுவது பிடிவாதம். நான் பிடிவாதக்காரன் இல்லை. டயர் உண்மையிலேயே மெத்தென்றுதான் போனது, சார். அந்தச் சுகத்தை மச்சினனிடமும் டாக்டரம்மாவிடமும் ஒளிக்காமல் சொன்னேன். ஊசியைப் பற்றியும் சொன்னேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு மறைப்பானேன்? இருவரும் என் புது டயரைக் குனிந்து பார்த்தார்கள். புரிந்துகொண்டார்கள்.

இன்று காலை போய்ப் பார்த்தால் என் இரண்டு டயரும் சப்பையாகக் கிடக்கின்றன. ஈவிரக்கமில்லாத எவனோ குத்தியிருக்கிறான். அதனால்தான் புகார் கொடுக்க உங்களிடம் வந்தேன்.

யார்மேலாவது சந்தேகம் உண்டா என்று கேட்டீர்கள். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், சார். என்மேல் கோபப்பட அங்கே ஒருவருக்கும் எந்தக் காரணமும் இல்லை.