முப்பத்தொரு ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

"அதை நகத்தாத ஸ்டைனார். இருக்குற இடத்துலயே இருக்கட்டும்."

"பெட்டியைத்தானே நகத்துறேன்? வீட்டையா இடிக்குறேன்?"

"எட்டு மாசமா இந்த ரூம் பக்கமே எட்டிப் பாக்காதவன்... இப்ப என்ன திடீர்னு?"

"அவ இடத்துல சத்தமே இல்ல சோல்வி. ரூம் முழுக்க இருக்கு. அங்க மட்டும் பள்ளம். நாலு தடவை அளந்துட்டேன்."

"இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கென்ன வலிக்குது?"

கீழ்த்தளத்து ஜன்னல் வழியாக வந்த சண்டை இது. கேட்டவர் என் நண்பர் ஓட்வர். சோல்வி அவருடைய தங்கை. ஸ்டைனார் தங்கை கணவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பர், இரவு ஒன்பது மணி. நார்வேயில், மியோசா ஏரியை ஒட்டின சாலையில் ஓட்வர் தங்கை வீட்டுக்கு நாற்பது நிமிஷம் தனியாகக் கார் ஓட்டி வந்திருக்கிறார்... எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. இன்ஜினை அணைத்ததும் முதலில் காதில் விழுந்தது இதுதான்.

ஓட்வர் இதைச் சொன்னது போன வாரம், மலைமேல் என் மரவீட்டில். நாங்கள் நாலு பேர், நாலு பேரும் ஹோம் தியேட்டர் பைத்தியம். பனிப்புயலில் கரண்ட் போய்விட்டது. அடுப்பைச் சுற்றி ஒட்டி உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு பேய்க் கதை சொல்லுங்கள் என்று ஆரம்பித்தது நான்தான். ஓட்வர் அடுப்புக்கு விறகு எடுத்துப் போட்டார். அப்புறம், "எனக்கு ஒண்ணுதான் தெரியும்... அது கதை இல்ல" என்றார். அவர் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் மாற்றி நம் குழுவில் எழுதுகிறேன்.

ஸ்டைனாருக்கும் சோல்விக்கும் ஒரே பெண். எம்ப்லா. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கருவி பொருத்தியும் பிரயோஜனம் இல்லை, நரம்பே சரியாக வளரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த சத்தத்தை மட்டும் எழுப்புகிற ஸ்பீக்கர் பெட்டி, அவளுக்குக் கேட்டது. காதால் இல்லை... வயிற்றால், கன்னத்தால், உள்ளங்கையால். அதற்காகவே ஸ்டைனார் தன் கையால் ஒரு பெட்டி செய்தார். நாற்பத்தைந்து கிலோ. தரை மரத்தரை, அதிர்வை நன்றாகக் கடத்தும். படம் ஓடும்போது எம்ப்லா சோஃபாவில் உட்காரவே மாட்டாள். சோஃபாவுக்கு இடது பக்கம் தரையில், முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பாள். அதுதான் அவள் சீட்.

பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கிற முறை நமக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கேட்கிற இடத்தில் பெட்டியை வைத்து, ஒரே ஒரு தாழ்ந்த சத்தத்தை ஓடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். எங்கே சத்தம் நன்றாக நிறைந்து வருகிறதோ, பெட்டி போக வேண்டிய இடம் அதுதான். அப்பாவும் பெண்ணும் சேர்ந்தே தவழ்வார்களாம். நல்ல இடம் வந்தால் எம்ப்லா உள்ளங்கையால் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள். இங்கே வை என்று அர்த்தம். ஸ்டைனாரின் மைக்கும் கிராஃபும் அவளுக்கு அப்புறம்தான்.

ஒன்பது வயதில், அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில், மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். நாலே நாள்.

ஓட்வர் உள்ளே போனபோது சோல்வி கீழ்த்தள அறையிலிருந்து படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"வா அண்ணா. உன் மச்சானுக்கு அளக்கணுமாம். போ, நீயும் போய் அள."

கீழே ஸ்டைனார் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லேப்டாப், மைக். தரையில் அங்கங்கே நீல டேப் துண்டு. மைக்கை ஒரு கையகலம் ஒரு கையகலமாக நகர்த்தி அளந்து, சத்தம் குறைந்த இடத்தில் எல்லாம் ஒட்டியிருக்கிறார்.

"பாரு மச்சான். முப்பத்தொரு ஹெர்ட்ஸ். அவ படுக்குற இடத்துல மட்டும் அப்படியே உள்ள போயிடுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அளந்தது இதோ இருக்கு, நேர்க்கோடு. அதே ரூம், அதே சோஃபா, அதே பெட்டி. எதுவும் மாறல."

"சரி, பள்ளம் இருந்துட்டுப் போகுது. யாரு இப்ப அங்க..." ஓட்வர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அவ இடம் மட்டும் காலியா இருக்கக் கூடாது மச்சான்." ஸ்டைனார் மெதுவாகத்தான் சொன்னார். "அவ்ளோதான். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

இரண்டாவதாக ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். அதைக் கொண்டு அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். இரண்டு பேருமாகத் தூக்கி இறக்கினார்கள்.

"வயசு அம்பது, முதுகு எழுபதா?" என்றார் ஸ்டைனார். எட்டு மாதத்தில் அவர் செய்த முதல் கேலி அதுதானாம்.

புதுப் பெட்டியை அந்த நீல டேப்புகளுக்கு நடுவில், எம்ப்லாவின் இடத்தில் வைத்தார்கள். வைத்ததும் ஒரு வாசனை வந்தது. ஈரக் கம்பளி கையுறையைக் கணப்பு மேல் காயப்போட்டால் வருமே, அது. கூடவே ஆரஞ்சுத் தோல். எம்ப்லா பனியில் ஆடிவிட்டு வந்தால் வருகிற வாசனை. ஒரு மூச்சுக்குத்தான்... போய்விட்டது.

வீட்டின் காற்றோட்ட மிஷினை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். விளக்கு ரீங்கரிக்கிறது என்று அதையும் அணைத்தார் ஸ்டைனார். லேப்டாப் வெளிச்சம் மட்டும். முப்பத்தொரு ஹெர்ட்ஸை ஓடவிட்டார். அது காதுக்கு அவ்வளவாகக் கேட்கிற சத்தம் இல்லை. நெஞ்செலும்பில் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடி மட்டும் 'ஞ்ஞ்ஞ்' என்று...

ஸ்டைனார் தவழ ஆரம்பித்தார். திரைக்குக் கீழே போனார். இல்லை. கதவோரம். இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருட்டுக்குள் போனார். ஓட்வருக்கு அவருடைய சாக்ஸ் மட்டும்தான் தெரிந்தது.

டப்... டப்.

மரத்தரையில் உள்ளங்கை. சின்ன உள்ளங்கை.

ஸ்டைனார் அப்படியே நின்றுவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே, "ஞாபகம் வச்சிருக்கியே மச்சான்... தேங்க்ஸ்" என்றார்.

ஓட்வர் அப்போது இரண்டு கையிலும் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் இல்லைன்னு சொல்ல வாய் வரல. இன்னும் அவன்கிட்ட சொல்லல" என்றார் எங்களிடம். அடுப்பில் விறகு வெடித்தது. எங்களில் யாரும் எழுந்து அதைத் தள்ளிவிடவில்லை.

அந்த மூலையிலேயே புதுப் பெட்டியை வைத்தார்கள். இரண்டு பெட்டிச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி தாமதத்தைச் சரி செய்தார்கள், அளவை ஏற்றினார்கள், அரை டெசிபல் குறைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். கடைசியில் கிராஃபில் அந்தப் பள்ளம் இல்லை. மேஜை விளிம்பு மாதிரி நேர்க்கோடு.

ஸ்டைனார் சிரித்தார். படிக்கட்டில் நின்று கத்தினார். "சோல்வி! வந்து பாரு. நிரம்பிடுச்சு!"

சோல்வி வந்தாள். கிராஃபைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சோஃபாவுக்கு இடது பக்கம் தரையில் படுத்தாள். நடுவில் இடம் விட்டு, ஓரமாக. கையை அந்த இடத்தில் வைத்தாள். எடுத்தாள். இன்னொரு இடத்தில் வைத்தாள். தடவித் தடவித் தேடினாள். சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"போயிட்டா" என்றாள்.

"யாரு?"

"தினம் நீ ஷிஃப்டுக்குப் போனதும் வருவேன். ஏதாவது படத்தைப் போடுவேன். தரை பூரா அதிரும். இங்க மட்டும் அதிராது. கை வச்சா சூடா இருக்கும்... அவ படுத்திருந்த அளவுக்கு. பக்கத்துல படுத்துக்குவேன். எட்டு மாசம் அப்படித்தான் தூங்கினேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அளந்திருப்ப."

ஓட்வர் போய் விளக்கைப் போட்டார். போட்டிருக்கக் கூடாது என்கிறார். அப்போதுதான் அந்த நீல டேப்புகளை நின்ற வாக்கில், மேலே இருந்து, முழுசாகப் பார்த்தார்கள். ஸ்டைனார் தரையில் குனிந்தே ஒவ்வொன்றாக ஒட்டியவர். மேலே இருந்து பார்த்ததே இல்லை. தலை. தோள். மடக்கின முழங்கால். கன்னத்துக்குக் கீழே ஒரு கை.

அன்றைக்கு ராத்திரியே இரண்டாவது பெட்டியை வெளியே தூக்கிப் போட்டார்கள். பழைய பெட்டி மில்லிமீட்டர் பிசகாமல் பழைய இடத்தில். சேமித்து வைத்த பழைய அமைப்பு அப்படியே. அளந்தார்கள்.

நேர்க்கோடு.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டைனார் ராத்திரி ஷிஃப்டை விட்டுவிட்டார். தினம் சாயங்காலம் அளக்கிறார். சோல்வி தரையில் படுத்துக் கையை வைத்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டுகிறாள். இரண்டு பேரும் சண்டை போடுவதில்லை. பேசுவதும் அவ்வளவாக இல்லை. திரை, சோஃபா, ஆம்ப்ளிஃபையர், கம்பி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அறையின் எந்த மூலையில் மைக்கை வைத்தாலும் குற்றம் சொல்ல முடியாத சத்தம். நாம் எல்லாரும் ஆசைப்படுகிற மாதிரி.

இந்தக் குழுவில் பள்ளத்தை எப்படி நிரப்புவது என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறீர்கள். நானும் பதில் சொல்லியிருக்கிறேன். இது வேறு கேள்வி. கேலி செய்ய வேண்டாம். காரணமே இல்லாமல் ஒரு பள்ளம் இருந்து, அதை நீங்கள் சரி செய்து, அப்புறம் என்றைக்காவது அது தானாகத் திரும்பி வந்திருக்கிறதா? யாருக்காவது? எத்தனை நாள் கழித்து வந்தது, அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்... சின்ன விஷயமானாலும் கீழே எழுதுங்கள். ஓட்வர் தினம் சாயங்காலம் எனக்குப் போன் போட்டு, யாராவது பதில் போட்டார்களா என்று கேட்கிறார்.