ஒரு நூல் இறக்கம்

அந்தப் பெடல் மேல் டீ கிளாஸை வைக்காதீர்கள், சார். ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் போச்சு. ராயபுரத்துக் கடல்காற்றிலிருந்து அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மல்டி எஃபெக்ட்ஸ் என்போம். கிடாரின் ஒயர் இதற்குள் நுழைந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும். ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய ஒலியை முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். ஒன்றில் எதிரொலி, இன்னொன்றில் கரகரப்பு. மேடையில் காலால் மிதித்தால் மாறும்.

பெடல் ரோஷனுடையது. ஒலிகளை அமைத்துக் கொடுத்தது நான். அவனுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. "இக்னேஷியஸ்ணா, அந்த மெனுல்லாம் எனக்கு பேஜாரு. நீயே வச்சிக் குடு, நான் மிதிச்சிக்கிறேன்" என்பான். எங்கள் குழுவில் அவன் லீட், நான் ரிதம். மாதா கோயில் திருவிழாவானாலும் கல்யாண வரவேற்பானாலும் அவன் முன்னால் நிற்பான், நான் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பேன். அதில் எனக்கு வருத்தமில்லை. யாராவது பின்னால் நிற்கத்தானே வேண்டும்.

ஆனால் அவன் வீட்டில் வாசித்துப் பழகவே மாட்டான், சார். சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு அறுக்கிற வேலையை முடித்து, கையைக் கழுவிக்கொண்டு நேராக மேடைக்கு வருவான். அவன் வாசித்தால் கூட்டம் வாயைப் பிளக்கும். நானோ விடியலில் எழுந்து விரல் தேயப் பழகுகிறவன். அவனுக்கும் கொஞ்சம் பயம் இருந்தால் நல்லது என்று பட்டது. கூடப்பிறக்காத அண்ணன் நினைப்பதுதான்.

அதனால் அவன் தனித்து வாசிக்கிற பாட்டுகளின் ஒலியில் மட்டும் சுருதியை ஒரு நூல் இறக்கி வைத்தேன். பெடலிலேயே அதற்கு வசதி இருக்கிறது. பெடலின் சின்னத் திரையைப் பார்த்தால் கம்பிகள் சுருதி சேர்ந்ததாகத்தான் காட்டும். ஸ்பீக்கரில் வரும்போது கீபோர்டோடு ஒட்டாது. முதல் நாளே கீபோர்டு பிராங்கிளின் முகத்தைச் சுளித்தான். ரோஷன் குனிந்து தன் விரல்களைப் பார்த்தான்.

பெடலில் கோளாறோ என்று அவனும் சந்தேகப்பட்டான். நான் அவன் கிடாரை வாங்கி, கைவைக்காமல் விட்டிருந்த ஒலி ஒன்றை மிதித்து வாசித்துக் காட்டினேன். சுத்தமாக இருந்தது. "பெடலு நல்லாத்தான் கீது. இரும்புக்கடை சத்தத்துல உன் காதுதான் போய்கினு கீதோ இன்னாவோ" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

அப்புறம் பழக ஆரம்பித்தான். நான் விரும்பியதும் அதுதானே. ஆனால் என்ன பழகி என்ன, மேடையில் ஒட்டாது. வீட்டில் தனியாக வாசிக்கையில் சரியாகக் கேட்பதையும் அவன் நம்புவதை விட்டுவிட்டான். மனைவி சில்வியா சாப்பிடக் கூப்பிட்டால், "நெஜமாவே கூப்டியா?" என்று கேட்பானாம். அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியதும் அப்போதுதான். "நீ வந்து அந்த பெடல நோண்டிட்டுப் போனாத்தான்ணா அவுரு பேயறஞ்சா மாரி ஆவறாரு" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சில பேருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்.

பிறகு திருவொற்றியூர் ஸ்டுடியோவில் எங்கள் சொந்தப் பாட்டின் பதிவு. ரோஷன் வருஷக்கணக்காக ஆசைப்பட்டது. அங்கேயும் அதே பெடல்தான். திரும்பத் திரும்ப வாசித்தான். கடைசியில் கிடாரை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனான். பாட்டில் இப்போது இருப்பது என் கை. நன்றாகவே வந்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம் முகத்துவாரக்குப்பத்தில் அவனைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். தூக்கிவந்தவர்களில் நானும் ஒருவன். அழுதேன், சார். நடிப்பில்லை.

ஸ்டுடியோ லூயிஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிடாரின் ஒயரை இரண்டாகப் பிரித்து, பெடல் வழியாக வருவதை ஒரு பக்கமும், பெடலுக்குப் போகுமுன் கம்பியின் வெறும் ஒலியை இன்னொரு பக்கமும் பதிந்துவைப்பான். மேடையிலேயே காலம் தள்ளிய எனக்கு அது எங்கே தெரியும்? புருஷன் கடைசியாக வாசித்ததைக் கேட்க வேண்டும் என்று சில்வியா போய் நின்றிருக்கிறாள். சுருதி விலகியதைக் கொடுக்க மனம் வராமல், லூயிஸ் அந்த வெறும் ஒலியைத் திறந்திருக்கிறான். ஒரு ஸ்வரம்கூட விலகவில்லை. அதைத்தான் அவள் உங்களிடம் கொண்டுவந்தாள்.

சுருதியை இறக்கியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நூல் இறக்கத்துக்கு யாராவது சாவார்களா? பெடல் மேல் பழியைப் போடாதீர்கள், நல்ல பெடல். அவன் போவதற்கு முந்தின மாலை நான் அவன் வீட்டுக்குப் போனபோது பெடல் அங்கே இல்லவே இல்லை. சில்வியா பூசைக்குப் போயிருந்தாள். அவன் பழைய மரக் கிடாரை எடுத்தான். ஒயர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. கண்ணை மூடி ஒரு பாட்டு முழுக்க வாசித்தான். அவ்வளவு சுத்தமாக யார் வாசித்தும் நான் கேட்டதில்லை.

"இப்போ சரியா கீதாண்ணா?" என்று கேட்டான். "எனுக்கு சரியாத்தான் கேக்குது. நீ சொன்னா நம்பறேன்."

"இல்லடா" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.